உவாதான் அடிச்சவா

நெதர்லாந்துக்கு வந்த முதல் கிழமை, வேலைக்குச் சேர்ந்த கட்டடத்தின் வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணிடம் கழிவறை எங்கே என்று கேட்க வேண்டி வந்தது. ஆங்கிலத்தில் கேட்டிருக்கலாம். ஆனால் யாழ்ப்பாணத்தில் நாங்கள் சொல்லும் கக்கூசு என்ற சொல் ஒல்லாந்தர் விட்டுப்போனது என்று எங்கோ வாசித்திருந்தேன். அவர்களுடைய சொல்லை அவர்களுக்கே திருப்பிக் கொடுத்தால் மகிழ்ந்து போவார்கள் என்று நம்பி, முகம் நிறையச் சிரித்துக்கொண்டு, "கக்கூசு?" என்றேன். அவளுடைய முகம் இறுகிவிட்டது. பேனையின் நுனியால் ஒரு கதவைக் காட்டினாள். நான் சொன்ன சொல்லை இங்கே இன்று குடிகாரர்கள்தான் சொல்வார்கள் என்று பிறகு தெரிந்தது. நாங்கள் அதைப் பத்திரமாக வைத்திருந்த காலத்தில் இவர்கள் அதைத் தெருவில் எறிந்துவிட்டிருந்தார்கள். அன்று தொடக்கம் அவள் எனக்குக் காலை வணக்கம் சொல்வதில்லை. நானும் சொல்வதில்லை.

நான் வேலை செய்யும் அறையின் கதவில் 'கந்தோர்' என்று இருக்கிறது, அலுவலகத்துக்கு ஊரில் நாங்கள் சொல்லும் அதே சொல். அவர்களுடைய எழுத்தில்தான், ஆனால் வாய்விட்டு வாசித்தால் கந்தோர். மேசையில் இழுத்துத் திறக்கும் லாச்சி, அதுவும் அவர்களுடையது. மதியம் சந்தைக்குப் போனால் பீன்ஸ் என்ற போஞ்சி. எங்கள் கரையில் கோட்டை கட்டி ஒரு நூற்றாண்டுக்கு மேல் உட்கார்ந்திருந்தவர்கள் விட்டுப்போன சொற்களைக் கூட்டிப் பார்க்கிறேன்: ஒரு கந்தோர், அதற்குள் ஒரு லாச்சி, பின்னால் ஒரு கக்கூசு. ஒரு நாட்டை ஆள்வதற்கு அவ்வளவும் போதும் போலும்.

எங்கள் குடும்பத்தில் கந்தோருக்குள் கதிரையில் உட்கார்ந்த முதல் ஆள் நான். குருநகரில் அப்பா கடலுக்குப் போனவர். அம்மா இறால் உரித்தவர். இருவருக்கும் கையெழுத்து வைக்க மட்டும் தெரியும். அம்மாவுக்குக் கந்தோர் என்றால் நிற்கும் இடம். கால் மாற்றி மாற்றி நின்று, உள்ளே இருப்பவர் தேநீர் குடித்து முடிக்கும் வரை பார்த்து, கடைசியில் "நாளைக்கு வாங்கோ" என்ற பதிலோடு திரும்பும் இடம். நான் பல்கலைக்கழகம் முடித்து, பின் இங்கே ஓர் ஆய்விதழில் வேலை கிடைத்திருக்கிறது என்று சொன்னபோது அப்பா கேட்டார்:

"என்ன பேப்பர் தம்பி அது?"

"சுகாதாரமும் மனித உரிமையும் பற்றினது, அப்பா. உலகம் முழுக்க இருந்து எழுதி அனுப்புவினம்."

"சுகமும் உரிமையுமோ? இரண்டும் இல்லாத ஆக்களுக்குத்தானே அது தேவை. அவைக்கு வாசிக்கத் தெரியாதே. அப்ப ஆர் வாங்கிறது?"

அப்பா பகிடிக்குத்தான் கேட்டார். இங்கே வந்து இருந்து பார்த்த பிறகு எனக்கு அது பகிடியாகத் தெரியவில்லை. இந்த இதழை வாசிப்பவர்கள் இதில் எழுதுபவர்கள். எழுதுபவர்கள், இதில் எழுதியதால் பதவி உயர்ந்தவர்கள். ஒரு கட்டுரை வந்தால் எழுதியவரின் பெயரை மறைத்து, படிப்பவரின் பெயரையும் மறைத்து, இருவரையும் கண்ணைக் கட்டிவிட்டு மதிப்பிடச் சொல்வோம். அதற்குப் பெயர் நேர்மை. கட்டுரையில் பேசுகிற பெண்ணுக்குப் பெயர் ஏற்கெனவே இல்லை. அவள் ஓர் எழுத்தும் ஓர் இலக்கமும். என் வேலை மேற்கோள்களைச் சரிபார்ப்பது, அடைப்புக்குறிகளை எண்ணுவது, எழுதியவர்களுக்குப் பணிவாக நினைவூட்டுவது. ஒப்பந்தம் ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும். என் விசாவும் அதன் வாலில்தான் தொங்குகிறது.

எங்கள் இதழின் நிர்வாக ஆசிரியரின் பெயர் மரைக்கே. நல்ல உயரம், மழையிலும் சைக்கிள், மனதில் பட்டதை நெற்றிக்கு நேரே சொல்லும் பழக்கம். இதை இவர்கள் நேர்மை என்று சொல்லிப் பெருமைப்படுவார்கள். அவருடைய பெயரை அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னபோது, அம்மா கேட்டார்:

"மறைக்கவோ? என்னத்தை மறைக்க?"

"மறைக்க இல்லை அம்மா, மரைக்கே. சின்ன ர."

"சின்ன ர எண்டாலும் பெரிய ற எண்டாலும், பேரிலையே மறைக்கச் சொல்லி இருக்கு. கவனமாய் இரு."

நான் சிரித்தேன். பிறகு நெடுநாள் சிரிக்க முடியாமல் போன கதைதான் இது.

சென்ற ஆண்டு எங்களுக்கு ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் இங்கிலாந்தில் பேராசிரியர், பிறந்தது யாழ்ப்பாணம். குடாநாட்டின் கரையோரக் கிராமங்களில் பிள்ளை பெற்ற பெண்களைச் சந்தித்து, பிரசவ அறையில் அவர்கள் எப்படி நடத்தப்பட்டார்கள் என்று கேட்டு எழுதியது. பிரசவ நேரத்தில் குடும்பத்தில் ஒருவரைத் துணைக்கு வைத்திருக்கும் உரிமை பற்றியது அதன் வாதம். வாதம் என்றால் அந்த உரிமைக்கு ஆதரவாக அல்ல. துணைக்கு வரும் மாமிமாரே, அதாவது கணவனின் தாய்மாரே, பெண்களை அடிக்கிறார்கள், ஏசுகிறார்கள், ஆகவே அந்த உரிமையைக் கொடுப்பதற்கு முன் குடும்பங்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும், அதுவரை கட்டுப்படுத்த வேண்டும் என்பது முடிவு. எங்கள் பண்பாட்டில் ஊறிய வன்முறை என்று ஒரு தலைப்பும் இருந்தது. மதிப்பீட்டாளர்கள் இருவரும், கண்ணைக் கட்டிக்கொண்டு, துணிச்சலான கட்டுரை என்று எழுதியிருந்தார்கள்.

எங்கள் இணையத்தளத்தில் கட்டுரையோடு ஒரு சிறிய ஒலித்துண்டும் போடுவது வழக்கம். அந்தப் பெண்களில் ஒருத்தியின் குரலை, அடையாளம் தெரியாதபடி இயந்திரத்தால் தடிப்பாக்கி அனுப்பியிருந்தார்கள். ஆங்கில வரிகளை அதனோடு பொருத்துவது என் வேலை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வெளியே சாம்பல் நிற மழை, காதில் கருவியை மாட்டிக்கொண்டு கேட்டேன். ஆண்குரல் மாதிரி, கிணற்றுக்குள் இருந்து வருவது மாதிரி ஒரு பெண் கதைத்தாள்.

"மாமி எனக்குப் பக்கத்திலை நிண்டவா. நான் நோ தாங்கேலாமல் கத்த, உவாதான் துடையிலை அடிச்சவா. 'செய்யேக்கை இனிச்சதோ, இப்ப என்னடி கத்திறாய்' எண்டு கேட்டவா."

அதன் பின் ஒரு கதிரை நிலத்தில் இழுபடும் சத்தம். பிறகு, இயந்திரம் தொடாத ஓர் ஆணின் அவசரக் குரல்: "சரி சரி, அடுத்த கேள்விக்குப் போவம்."

ஆங்கிலத்தில் இருந்தது இதுதான்: மாமி என் அருகில் நின்றார். நான் கத்தியபோது அவர் என் தொடையில் அடித்தார்.

திரும்பவும் கேட்டேன். குரலை மாற்றியிருந்தார்கள். உவாவை மாற்ற அவர்களுடைய இயந்திரத்துக்குத் தெரியவில்லை.

இதை வாசிக்கும் யாழ்ப்பாணத்தாருக்கு நான் விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்களுக்கு இவா என்றால் எனக்குக் கிட்ட இருப்பவர். அவா என்றால் தூரத்தில் இருப்பவர், இங்கே இல்லாதவர். உவா என்றால் உனக்குக் கிட்ட இருப்பவர். எவரோடு கதைக்கிறோமோ அவருடைய பக்கத்தில் இருப்பவர். மாமி அந்த இடத்தில் இல்லை. இல்லாத மாமியை அந்தப் பெண் அவா என்றுதான் சொல்லியிருப்பாள். உவா என்று சொன்னாள் என்றால், கேள்வி கேட்டவரின் பக்கத்துக் கதிரையில் இருந்தவரைச் சொல்கிறாள். கட்டுரையின் கடைசியில் நன்றி என்ற பகுதியைத் திறந்து பார்த்தேன். கிராமங்களுக்கு அழைத்துச் சென்று, நேர்காணல்களில் கூடவே இருந்து உதவிய, அப்பகுதியின் ஓய்வுபெற்ற தாதி ஒருவருக்கு உளமார்ந்த நன்றி.

அடித்தவளை முகத்துக்கு முன்னால் வைத்துக்கொண்டு, அவளுக்கு மரியாதை விகுதியும் குறையாமல், ஒருத்தி சொல்லியிருக்கிறாள். அதை எடுத்து அவளுடைய மாமியின் தலையில் கட்டியிருக்கிறார்கள். பக்கத்தில் நின்ற ஒரே சாட்சியின் தலையில். அதைக் காட்டி, இனிமேல் அந்தச் சாட்சியையும் அறைக்கு வெளியே நிறுத்துங்கள் என்று எழுதியிருக்கிறார்கள்.

மரைக்கேயிடம் போனேன். இங்கே யாரிடமும் அப்படிப் போக முடியாது, நாட்காட்டியில் நேரம் கேட்க வேண்டும். நான் கேட்கவில்லை. அவர் பாணும் பாற்கட்டியும் தின்றுகொண்டிருந்தார். விளக்கினேன். அவர் மெல்வதை நிறுத்தவில்லை.

"இரண்டையும் சொல்லு பார்ப்போம்," என்றார் ஆங்கிலத்தில்.

"அவா. உவா."

"எனக்கு வித்தியாசம் கேட்கவில்லை."

"உங்களுக்குக் கேட்கத் தேவையில்லை. அந்த இடத்தில் இருந்தவருக்குக் கேட்டது."

"எங்கள் மொழியில் இதுவும் அதுவும்தான் இருக்கிறது. இரண்டோடு சமாளிக்கிறோம்." கையில் இருந்த துகளைத் தட்டிவிட்டார். "நீ உணர்ச்சிவசப்பட்டிருக்கிறாய். அது உன் ஊர் என்பதால் இது உன் வேலையும் இல்லை. நலன் முரண்பாடு."

என் ஊரின் பேச்சு எனக்குத் தெரிவது முரண்பாடு. தெரியாத இருவர் மதிப்பிட்டது நேர்மை. இதை நான் வாய்விட்டே சொன்னேன். அவருக்குக் கோபம் வந்தது. ஆனால் இவர்களிடம் ஒன்று இருக்கிறது, அதை ஒளிக்காமல் எழுத வேண்டும்: கோபம் வந்த பிறகும் பேராசிரியரோடு ஓர் இணையக் கூட்டத்துக்கு ஒழுங்கு செய்தார். எங்கள் ஊரில் என்றால் முதலில் என்னை மாற்றியிருப்பார்கள்.

திரையில் பேராசிரியர் வந்தார். நரைத்த தாடி, பின்னால் நிறையப் புத்தகம். வாயைத் திறந்ததும் எனக்கு விளங்கிவிட்டது, "சரி சரி, அடுத்த கேள்விக்குப் போவம்" என்று சொன்ன குரல் இதுதான். மரைக்கேயோடு ஆங்கிலத்தில் நயமாகக் கதைத்துவிட்டு, அனுமதி கேட்டுத் தமிழுக்கு மாறினார்.

"தம்பி எவடம்?"

எவ்வளவு தூரம் வந்தாலும் இந்தக் கேள்வி முதலில் வரும். ஊரைக் கேட்பது மாதிரி இருக்கும். கேட்பது ஊரை அல்ல.

"குருநகர், சேர்."

"ஓ, கரை." தலையை மெதுவாக ஆட்டினார். "ஆரும் ஃபாதர்மாரோ உங்கை எடுத்துவிட்டவை?"

"இல்லை சேர். விண்ணப்பிச்சு வந்தனான்."

"கெட்டிக்காரன். நான் வட்டுக்கோட்டைப் பக்கம். உம்மடை ஆக்கள் இப்பிடி முன்னுக்கு வாறது எங்களுக்கும் சந்தோசம்தான்." சந்தோசம் முகத்தில் இல்லை. "பாரும் தம்பி, உவா உவர் எல்லாம் வீட்டுப் பேச்சு. படிச்ச ஆக்கள் ஆர் உப்பிடிக் கதைக்கினம்? அவாவும் உவாவும் ஒண்டுதான். என்ரை மொழிபெயர்ப்பாளரும் தமிழ்தான், சென்னைப் பிள்ளை, அவவுக்கு ஒரு சந்தேகமும் வரேல்லை. ஒரு எழுத்தைப் பிடிச்சுத் தொங்காமல், உதை விடும்."

"எதை சேர்?"

"என்ன எதை?"

"உதை விடும் எண்டு சொன்னீங்கள். எதை?"

"கையிலை வைச்சிருக்கிறீரே, உந்தப் பேப்பரை..." என்று தொடங்கியவர் அப்படியே நின்றார்.

நான் கையில் இருந்த தாளைக் கமராவுக்குத் தூக்கிக் காட்டினேன்.

"ஓம் சேர். என்னட்டை இருக்கிறது உங்களுக்கு உது. நான் இருக்கிற இடம் உங்கை. அதே மாதிரி, உங்களோடை கதிரையிலை இருந்தவா அந்தப் பிள்ளைக்கு உவா. கதிரை இழுபட்ட சத்தமும் கேக்குது."

திரை உறைந்துவிட்டதோ என்று மரைக்கே என்னைப் பார்த்தார். உறையவில்லை. மனுசர் இமைத்தார். பிறகு, குரலைத் தாழ்த்தி, மரைக்கே பார்க்கட்டும் என்று ஒரு சிரிப்பையும் முகத்தில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"அந்தத் தாதி மிஸ்ஸி இல்லாட்டி அந்த ஊரிலை ஒரு வீட்டு வாசலும் நாங்கள் மிதிச்சிருக்கேலாது. எத்தினை பிள்ளையளைத் தூக்கி எடுத்த கை, தெரியுமோ?"

"அந்தக் கையைத்தான் சேர் அவள் சொல்லுறாள்."

"உம்மடை கொன்ராக்ட் எப்ப முடியுது?"

"அது உங்களுக்கு என்னத்துக்கு, சேர்?"

"சும்மா கேட்டனான்."

என்ன கதைத்தீர்கள் என்று மரைக்கே கேட்டார். இலக்கணம் பற்றி ஒரு சுவையான உரையாடல் என்று பேராசிரியர் ஆங்கிலத்தில் பதில் சொன்னார். நான் முழுவதையும் மொழிபெயர்த்துச் சொன்னேன், ஒப்பந்தம் பற்றிய கேள்வி உட்பட. மரைக்கேயின் கழுத்து சிவந்தது. நேர்காணல்களின் மூல ஒலிப்பதிவு வேண்டும், தாதி எந்தெந்த நேர்காணலில் உடன் இருந்தார் என்ற விளக்கமும் வேண்டும் என்று அங்கேயே கேட்டார். நான் அவரைப் பற்றி முன்பு நினைத்ததில் பாதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

மறு பாதியை வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. சில கிழமைகள் கழித்து எங்கள் கந்தோரில் ஒருவருக்குப் பிறந்தநாள். இங்கே ஒரு விசித்திரம், பிறந்தவருக்கு மட்டுமல்ல, அறையில் இருக்கும் எல்லோருக்கும் வாழ்த்துச் சொல்வார்கள். ஆளுக்காள் கை கொடுத்து, "கெஃபெலிசிடேர்ட்," என்பார்கள், எல்லோரும் சேர்ந்து பெற்ற பிள்ளை மாதிரி. என் கையில் கேக்குத் துண்டைத் தந்துகொண்டே மரைக்கே சொன்னார், பேராசிரியர் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார் என்று.

"நல்லது. நாங்கள் சரியாக நடந்துகொண்டோம்," என்றார். "உனக்கும் வாழ்த்துகள்."

"அந்தப் பெண்ணுக்கு?"

"எந்தப் பெண்?"

"அடி வாங்கினவள்."

"அது இனி எங்கள் கட்டுரை இல்லையே."

அவர் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே அது இனி எங்கள் கட்டுரை இல்லை. இதழின் கை கழுவிச் சுத்தமாயிற்று, அந்தச் சுத்தத்தின் மேல் கிரீம் பூசிய கேக்கைத் தின்றார்கள். நானும் தின்றேன்.

இந்த வருடம் அதே கட்டுரை வேறோர் இதழில் வெளிவந்தது. ஒலித்துண்டு இல்லை. தாதிக்கு நன்றி அப்படியே இருக்கிறது. அந்தப் பெண்ணின் கூற்றில் மட்டும் ஒரு திருத்தம்: அவர் என்ற சொல்லுக்குப் பின்னால் சதுர அடைப்புக்குறி போட்டு, வாசிப்பவருக்குக் குழப்பம் வராமல், மாமியார் என்று எழுதியிருக்கிறார்கள். நான் கேட்ட கேள்விக்குப் பேராசிரியர் கொடுத்த பதில் அந்த அடைப்புக்குறி. முன்பு ஒரு பிழை இருந்தது. இப்போது அது பிழை அல்ல. அந்த இதழுக்கு எழுதினேன். உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம் என்று ஓர் இயந்திரம் பதில் போட்டது. அவ்வளவுதான்.

இதை அம்மாவுக்குச் சொன்னபோது நான் பேராசிரியரையும் இதழையும் பற்றி விளக்கத் தொடங்கினேன். அம்மா கேட்கவில்லை. ஒன்றில்தான் அவருடைய கவனம் நின்றது.

"உவா எண்டே சொன்னவள்? அவா பக்கத்திலை இருக்கேக்கையோ?"

"ஓம் அம்மா."

"அம்மாடி! நல்ல நெஞ்சுரம்தான்." சிரித்தார். பிறகு, இறாலின் விலை சொல்வது மாதிரிச் சாதாரணமாக, "நீ பிறக்கேக்கையும் எனக்கு அடி விழுந்ததுதான். இதே கதைதான் கேட்டவை. நான் ஆரிட்டைப் போய் உவா எண்டு கையை நீட்டிறது? கேக்க வந்தவை ஒருத்தருமில்லை."

நான் மனித உரிமை பற்றி வாசித்த அத்தனை ஆண்டுகளிலும் இதை அம்மா சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்பதற்குத் தாளும் பேனையும் எடுத்துக்கொண்டு யார் யார் வீட்டுக்கோ போக வேண்டும் என்றுதான் எனக்குப் படிப்பித்திருந்தார்கள்.

அந்தப் பெண்ணின் பெயர் எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. அவளுக்குத் தன் மாமி ஆங்கிலத்தில் என்னவாக ஆக்கப்பட்டிருக்கிறார் என்பது தெரிய வழியில்லை. ஆகவேதான் இதைத் தமிழில், உவா என்றால் யார் என்று தெரிந்தவர்களுக்கு எழுதுகிறேன். ஊரில் இருக்கிறவர்களே, உங்கள் வாசலுக்கும் ஒருநாள் ஆய்வு செய்ய ஆட்கள் வருவார்கள். நல்லவர்களாகத் தெரிவார்கள், பிஸ்கட்டும் கொண்டுவருவார்கள். பக்கத்துக் கதிரையில் இருப்பவரை எழுப்பி வெளியே அனுப்பச் சொல்லுங்கள். பதில் பிறகு. புலம்பெயர்ந்தவர்களே, பல்கலைக்கழகங்களில் பெரிய கதிரைகளில் இருக்கிற எங்கள் அண்ணைமாரே அக்காமாரே, எவடம் என்று கேட்க மறக்காத உங்கள் நாக்குக்கு உவா மட்டும் எப்படி மறந்து போகிறது?

என் ஒப்பந்தம் இந்த முறை புதுப்பிக்கப்படுமா என்று தெரியவில்லை. மரைக்கே பார்ப்போம் என்கிறார். இங்கே சனம் என்னிடம் எப்போது அங்கே திரும்பிப் போகிறாய் என்று கேட்கிறது. அவர்களுக்கு இங்கே, அங்கே என்று இரண்டு இடம்தான். எனக்கும் அம்மாவுக்கும் மூன்றாவது ஒன்று இருக்கிறது. அம்மா என்னைக் கேட்பார், "உங்கை குளிரோ?" நான் அம்மாவைக் கேட்பேன், "உங்கை மழையோ?" அவருக்கு நான் இருக்கும் இடம் உங்கை, எனக்கு அவர் இருக்கும் இடம் உங்கை.

நேற்று மதியம், கந்தோரில் இருக்கும்போதே அம்மா எடுத்தார். இந்தக் கதையை எழுதப்போகிறேன், நீங்கள் அடி வாங்கினதையும் எழுதலாமோ என்று கேட்கத்தான் நான் காலையில் குரல்செய்தி விட்டிருந்தேன். பதிலுக்கு முன் அம்மா முதலில் கேட்டது இது:

"உங்கை பக்கத்திலை ஆரும் இருக்கினமோ?"

திரும்பிப் பார்த்தேன். பக்கத்துக் கதிரையில் மரைக்கே, என் மேசைக்கு வந்திருந்து அடைப்புக்குறிகளைச் சரிபார்த்துக்கொண்டு.

"இவா இருக்கிறா அம்மா. ஆனால் விளங்காது."

"விளங்காட்டியும் எழும்பி வெளியிலை போ. பிறகு சொல்லுறன்."

எழும்பினேன். கதிரை நிலத்தில் இழுபட்டுச் சத்தம் போட்டது. மரைக்கே நிமிர்ந்து பார்த்தார். தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு, கந்தோர் என்று எழுதிய கதவைத் திறந்து, வெளியே போய் நின்றேன்.